மூன்றாவது கணினியை அணைக்காதீர்கள்

என் மனைவி எதையாவது தட்டச்சு செய்தால் அதைக் கூடவே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவாள். உதடு மட்டும்தான் அசைகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். நான் நூலகன். சத்தம் போடாமல் படியுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். என் வீட்டிலேயே அந்தச் சட்டம் செல்லவில்லை.

இதில் வேடிக்கை, அவள் பார்த்த வேலை. பொது இடங்களில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பயன்படுத்துகிற கணினிகள் இருக்கின்றன அல்லவா, பேருந்து நிலையத்தில், மருத்துவமனை வரவேற்பறையில், வரி கட்டும் அலுவலகத்தில்? அவற்றுக்குள் வேண்டாதவர்கள் நுழையாமல் பூட்டி வைப்பது அவள் தொழில். எங்கள் நூலகத்தின் நான்கு கணினிகளும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. பென் டிரைவ் சொருகும் துளைகளுக்குத் தகடு அடித்து மூடினாள். விசைப்பலகையில் வம்புக்கு வழிவிடும் விசைகளைப் பிடுங்கி எடுத்தாள். அந்த இடங்கள் பல் விழுந்த வாய் போலிருக்கும். எழுந்து போகிறவர் 'முடி' என்ற பொத்தானை அழுத்தினால் அவர் செய்தது அத்தனையும் அழிந்து, கணினி முதல் நாள் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அழுத்த மறந்தாலும் சற்று நேரத்தில் அதுவே துடைத்துக்கொள்ளும். நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் அவளைப் பூட்டக்கா என்றார்கள். பெரியவர்களுக்கும் அந்தப் பெயரே பழகிப்போயிற்று.

அவளோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்த தோழி ஒருத்தி இருந்தாள். இருவருக்கும் ஒரு வழக்கம். ஒருத்தி பூட்டிய கணினியை மற்றவள் திருடி மாதிரி உட்கார்ந்து உடைக்கப் பார்ப்பாள். தோற்றவள் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் தோழிதான் வாங்கினாள். அந்த ஆற்றாமையில் என் மனைவிக்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டு போடுறா அண்ணா, தன் வாய்க்கு ஒரு பூட்டு இல்ல. தவளை தன் வாயாலதான் கெடும்."

"பாஸ்வேர்டையும் சொல்லிடுவாளோ?" என்று கேட்டேன்.

"அதுதான் இல்ல. அதை அடிக்கும்போது மட்டும் கீழ் உதட்டை இறுக்கிக் கடிச்சுக்குவா. நானும் எத்தனையோ நாள் பக்கத்துல நின்னு பாத்துட்டேன்."

என் மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "பொறாமை. டீக் காசு போற வயித்தெரிச்சல்."

நான்காவது கணினியில் தினமும் ஒருவர் வந்து சதுரங்கம் ஆடுவார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் தெருமுனை வரைக்கும் போகும். அவருக்கு ஹாரன் என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை அவர் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "வேலைக்கு மனு போடறியா பாப்பா, பிறந்த தேதி தப்பா இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நூலகமே திரும்பிப் பார்த்தது. மறுநாளே என் மனைவி நான்கு திரைகளிலும் ஒரு கறுப்புத் தாளை ஒட்டினாள். நேராக உட்கார்ந்தவருக்கு எழுத்து தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் வெறும் இருட்டு.

"இது உங்களுக்காகவே ஒட்டினது. இனிமே பக்கத்துல என்ன நடந்தாலும் நீங்க பாக்கலை, கேக்கலை. சரியா?"

"சத்தியமா பாக்க மாட்டேன் தங்கச்சி," என்றார் ஹாரன், ஊருக்கே கேட்கும்படி.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை தீராமல் இருந்தது. 'முடி' பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு வாசகம் வரும். 'பயனர் அமர்வு முடிவுறுத்தப்பட்டது. தரவுகள் நீக்கம் செய்யப்பட்டன.' முதல் முறை அதைப் படித்தபோது, இது என்ன மரண தண்டனைத் தீர்ப்பா என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க, போட்டேன்."

"பாதிப் பேர் இதைப் படிச்சுட்டு, நான் என்ன சார் தப்பு பண்ணினேன்னு எங்கிட்ட வந்து நிக்கிறாங்க."

"அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு எழுதித் தாங்களேன். தமிழைக் கரைச்சுக் குடிச்சவர்தானே."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது எப்போதாவது இந்தப் பேச்சு எழும். அவள் ஏதாவது ஒரு வாசகம் சொல்வாள், நான் அதில் குற்றம் கண்டுபிடிப்பேன், அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கோபமெல்லாம் இல்லை. எங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அன்று மதியம் பை நிறையக் கருவிகளோடு வந்தாள். கழுத்தில் கயிற்றில் தொங்கும் சாவியால் மூன்றாவது கணினியின் பெட்டியைத் திறந்து, பராமரிப்பு நிலைக்கு மாற்றினாள். நான் புத்தகம் திருப்பித் தருகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, சீக்கிரம் முடிச்சுடுவேன். சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

"என்ன பண்றே?"

"பண்ணிட்டு சொல்றேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு நாற்காலி உருண்ட சத்தமும், "சார்!" என்று ஹாரன் போட்ட கூச்சலும். தலைக்குள் ஒரு குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர், வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சொல்வது போல. அவள் கண் விழிக்கவேயில்லை.

மகள் வந்து சில வாரங்கள் என்னோடு இருந்தாள். ஒரு நாள் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்பா, ஒரு மெசேஜ்கூட இல்லப்பா இதுல. எனக்கு அனுப்பினது, உங்களுக்கு அனுப்பினது, எல்லாத்தையும் அழிச்சு வெச்சிருக்கா."

"படிச்சாச்சுல்ல, எதுக்கு வெச்சுக்கணும்னு கேப்பாளே."

"எங்கிட்ட இருக்கறதுலயும் உங்க போன்ல இருக்கறதுலயும் பாதி 'சரி', 'சாப்டியா'. நாமதான் பேசியிருக்கோம், அவ பேசவே இல்ல."

அதுதான் நிலைமை. வீட்டில் அவள் துணிகள் இருந்தன. செருப்பு இருந்தது, சீப்பில் முடி இருந்தது. அவள் சொல்லாக ஒன்றும் இல்லை. பிறருடைய தடயங்களை அழித்துக் கொடுப்பதே தொழிலாக இருந்தவள், தன்னுடையதையும் அவ்வப்போது துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

மகள் ஊருக்குப் போன பிறகு வேலைக்குத் திரும்பினேன். மூன்றாவது கணினி அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத் திரையில், 'பராமரிப்பு நிலை. கடவுச்சொல்லை இடுக' என்ற வரி. அதன் கீழே துடிக்கும் ஒரு சிறு கோடு. அணைத்துவிட்டுப் போடலாம் என்று கையைக் கொண்டுபோனவன், எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று தோழிக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, கை வைக்காதீங்க!" என்று அலறினாள். பிறகு நிதானமாக விளக்கினாள். பராமரிப்பு நிலையில் இருக்கும்போது கணினி எதையும் துடைத்துக்கொள்ளாது. ஆள் இல்லையென்றால் திரையை மட்டும் பூட்டிக்கொள்ளும். அவள் கடைசியாகத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தது எதுவோ, அது அந்தப் பூட்டுக்குப் பின்னால் இன்னும் திறந்தபடியே இருக்கிறது.

"சேவ் பண்ணியிருந்தா எங்களுக்கு வந்திருக்கும். வரலை. அணைச்சா போயிடும்ணா."

"திறக்க முடியாதா?"

"தவளை போட்ட பூட்டு," என்றாள்.

அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: 'பழுது. அணைக்காதீர்கள்.' நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தேன். என்ன காரணம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் முடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அந்தச் சாம்பல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அன்றைய நாள் ஒருமாதிரி ஓடிவிடும்.

ஒரு பிற்பகல் மின்சாரம் போய்விட்டது. நான்கு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அது கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நான்கும் ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓடிப்போய் மற்ற மூன்றின் வயர்களையும் பிடுங்கினேன். ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை.

"சார்! என் ராணி!" என்று எழுந்து நின்றார் ஹாரன். "ஜெயிக்கப் போனேன் சார். இந்த வருஷத்துலயே முதல் தடவை."

"மன்னிச்சுக்குங்க."

"நல்லா இருக்கற மெஷினைப் பிடுங்கிட்டு, பழுதான மெஷினுக்குக் கரண்ட் குடுக்கறீங்களே. செத்த மாட்டுக்குப் புல்லு போட்ட கதையா இல்ல இருக்கு?"

சொன்ன பிறகு என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். தொப்பியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன் சார்," என்று தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மின்சாரம் திரும்பும்வரை அந்தப் பெட்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் பழைய பூட்டு முறையை நீக்கிப் புதியது போட வேண்டும். போட வந்தது தோழிதான்.

"ரெண்டு தடவை தள்ளிப் போட்டேன் அண்ணா. இதுக்கு மேல என்னால முடியல. இன்னிக்கு அணைச்சாகணும்."

உள்ளே வைத்திருந்த நாற்காலியை நானே எடுத்து வந்து போட்டேன். அவள் உட்காரத் தயங்கினாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு தடவை அடிச்சுப் பாக்கலாம். அஞ்சும் தப்பா இருந்தா, தானே துடைச்சுக்கும். இந்த ஏற்பாடும் மகராசி பண்ணினதுதான்."

மகளின் பெயரையும் அவள் பிறந்த ஆண்டையும் சொன்னேன்.

"வீட்டு ஆள் பேரை வெக்காதீங்கன்னு ஊர் ஊராப் போய் வகுப்பு எடுத்தவ. இதை வெச்சிருந்தா நானே அவளை வேலையை விட்டுத் துரத்தியிருப்பேன்," என்றாள். ஆனாலும் அடித்தாள். தவறு என்றது கணினி.

அடுத்து அவளே ஏதோ அலுவலகத்துப் பழைய சொல் ஒன்றை அடித்தாள். தவறு. சற்று யோசித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் 'தவளை' என்று அடித்தாள். "ஒரு வேளை என்னைக் கிண்டல் பண்றதுக்காக..." என்றாள். அதுவும் தவறு.

அவள் இந்த நூலகத்துக்கு வாசகியாக வந்தபோதுதான் முதலில் அவளைப் பார்த்தேன். அன்று அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த உறுப்பினர் எண் எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன். தோழி ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். தவறு.

"கடைசி ஒண்ணு," என்றாள். "அடிச்சாலும் போயிடும், அடிக்காட்டியும் நான் அணைக்கணும். என்ன பண்ணட்டும்?"

"என் பேரை அடிம்மா," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் பெயரை மெதுவாக, பிழையில்லாமல் அடித்தாள்.

திரை இருண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெளிச்சம் வந்தது, எழுத்து வந்தது. 'பயனர் அமர்வு முடிவுறுத்தப்பட்டது. தரவுகள் நீக்கம் செய்யப்பட்டன.'

"ஜெயிச்சுட்டா," என்றாள் தோழி. சிரிப்பது போலத்தான் இருந்தது. "பாத்தீங்களா அண்ணா, செத்தும் ஜெயிச்சுட்டா. இன்னிக்கும் டீ நான்தான் வாங்கணும்." அப்புறம் விசைப்பலகையின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். விசைகள் அழுந்தித் திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடின. நான் அவள் தோளைத் தொடலாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அதுல என்ன சார் இருந்துச்சு?"

நான்காவது கணினியிலிருந்து ஹாரன் கேட்டார். சதுரங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அவ கடைசியா எழுதிட்டிருந்தது. என்னன்னு தெரியாது. அதுக்குத்தான் இத்தனை நாள் அணைக்காம வெச்சிருந்தேன்."

அவர் வாயைத் திறந்து மூடினார். "'முடி' அழுத்தினா வருமே, அந்த வாசகமா சார்? அதை நான் சொல்லுவேனே!"

நூலகம் முழுக்கக் கேட்டது. படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தோழி தலையைத் தூக்கினாள்.

"பாக்கலை சார், சத்தியமா பாக்கலை. தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா கேட்டுச்சு. காதுக்கு யாரு சார் தாள் ஒட்டறது? கேட்டதை வெளிய சொல்லக் கூடாதேன்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டிருந்தேன். பழுதுன்னு எழுதி ஒட்டியிருந்தீங்க, நானும் மெஷின்தான் பழுதுன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னா?" என்று தோழி கேட்டாள்.

ஹாரன் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல, 'உங்க வேலை முடிஞ்சுது'ன்னாங்க. அப்புறம் அவங்களே, 'சீ, விரட்டற மாதிரி இருக்கு'ன்னாங்க. அழிச்சுட்டாங்கபோல, டக் டக்னு ஒரே விசை சத்தம். அப்புறம், 'நீங்க விட்டுட்டுப் போனது எதுவும் இங்க இல்ல'. உடனே, 'ஐயோ, எழவு வீட்டு வாசல் மாதிரி இருக்குன்னு சொல்லுவாரு'. மறுபடியும் டக் டக். இது மாதிரி ஏழெட்டு. ஒண்ணு ஒண்ணுக்கும், அவருக்குப் பிடிக்காது, அவரு இப்படிச் சொல்லுவாரு, அப்படிச் சொல்லுவாருன்னே இருந்தாங்க. நடுவுல தனியா சிரிச்சுக்கிட்டாங்க." கண்ணைத் திறந்தார். "யாரு சார் அந்த அவரு? ஆபீஸ்ல ரொம்பப் பெரிய ஆளா?"

தோழி என்னைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். "ரொம்பப் பெரிய ஆளு."

"பொல்லாத ஆளா இருப்பான்போல. பாவம் தங்கச்சி, அவ்வளவு பாடுபட்டுச்சு." பிறகு விரலைத் தூக்கினார். "கடைசியா ஒண்ணு வந்துச்சு சார். அது அவங்களுக்கே பிடிச்சுப்போச்சு, குரல்லயே தெரிஞ்சுது. 'நீங்க இங்க எழுதினதை இந்தக் கணினி மறந்துடுச்சு. கவலைப்படாம போயிட்டு...' அதோட நின்னுச்சு. அடுத்த வார்த்தைக்கு நான் காத்துட்டிருந்தேன். நாற்காலி சத்தம்தான் வந்துச்சு."

நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொற்கள் அவருடைய லாரிக் குரலில்தான் வந்தன. எனக்கு அவளுடைய குரலில், அவள் வாய்க்குள் சொல்கிற அந்தத் தாழ்ந்த ஓசையிலேயே கேட்டன. எழவு வீட்டு வாசல் என்று நான் சொல்லியிருப்பேன். அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பேன். என் வாயில் வரப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உட்கார்ந்து மறுபடி மறுபடி எழுதியிருக்கிறாள்.

"தவளை," என்று தோழி மெல்லச் சொன்னாள். "தன் வாயாலயே..."

மாலைக்குள் நான்கு கணினிகளிலும் புதிய பூட்டைப் போட்டு முடித்தாள். கடைசியில் திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"முடிஞ்சதும் வர்ற வாசகம் அண்ணா. என்ன போடட்டும்?"

சொன்னேன். 'நீங்கள் இங்கே எழுதியதை இந்தக் கணினி மறந்துவிட்டது. கவலைப்படாமல் போய் வாருங்கள்.' கடைசிச் சொல் மட்டும் என்னுடையது. வேறு எதையும் தொடவில்லை.

"குற்றம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

இப்போது பேருந்து நிலையத்திலும் வரி அலுவலகத்திலும் அதே வாசகம்தான் வருகிறது என்று தோழி சொன்னாள். மருத்துவமனை வரவேற்பறையிலும் வருகிறதாம். அங்கே நான் இன்னும் போகவில்லை.

எங்கள் நூலகத்தில், மூடும் நேரத்தில் கடைசியாக எழுகிறவர் ஹாரன். தோற்ற ஆட்டத்தைத் திட்டிவிட்டு 'முடி' பொத்தானை அழுத்துவார். வாசகம் வரும். மூன்றாவது கணினியின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "வரேன் தங்கச்சி," என்பார், கண்ணாடிக் கதவு அதிரும்படி. அமைதி காக்கவும் என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலேதான் தொங்குகிறது. நான் அந்த நேரத்தில் புத்தக அடுக்கின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.